பாம்புச்செவிக்குக் கேட்காத சத்தம்

குழுவில் எல்லோரும் அவரைப் பாம்புச்செவி என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவரும் ஏதோ பட்டம் வாங்கியவர் மாதிரி அதை வாய்கொள்ளாச் சிரிப்போடு வாங்கிக்கொண்டார்.

குழு என்றால் மொத்தமே நாலு பேர். பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகங்களை ஒலிப்பாடமாக மாற்றிக் கொடுப்பது வேலை. ஆளுக்கொரு ஊர். எல்லோருக்கும் மூத்தவரான பெரியக்கா பாடத்தைப் பேச்சு நடைக்கு மாற்றி எழுதுவார். குயில் என்ற அம்மாள் தன் வீட்டுத் துணி அலமாரிக்குள் உட்கார்ந்துகொண்டு அதை வாசிப்பார். மைக் தம்பி தன் ஊரிலிருந்தே அதைப் பதிவு செய்வார். தம்பி என்று பேரே தவிர அவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. கடைசியில் பாம்புச்செவியிடம் வரும். மூச்சு வாங்குவது, நாக்கு ஒட்டுவது, எங்கோ குரைக்கிற நாய், பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாவற்றையும் பொறுக்கியெடுத்து வீசிவிட்டு, கண்ணாடி மாதிரித் துடைத்து அனுப்புவார். எத்தனையோ பாடங்களை இப்படிச் சேர்ந்து முடித்திருந்தும் ஒருவரையொருவர் நேரில் பார்த்தது கிடையாது. கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிகிற முகங்கள்தான்.

அவருக்கு ஒரு காலத்தில் நிஜமாகவே பாம்புச்செவிதான். இளவயதில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தபோது, பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கையில் எந்தக் கம்பி சுருதி இறங்கியிருக்கிறது என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொல்லுவார். அந்தக் கூடத்துப் பெரிய ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்திலேயே பல வருஷம் உட்கார்ந்திருந்ததுதான் காதைத் தின்றது. சத்தமில்லாமல் தின்றது. பேச்சு கேட்டது, வண்டி ஹாரன் கேட்டது. சன்னமான, கூர்மையான சத்தங்கள் மட்டும் ஒவ்வொன்றாகக் கழன்று போயின.

அதைக் கண்டுபிடித்தது அவர் மனைவி. ஒருநாள் சலவை இயந்திரம் வேலையை முடித்துவிட்டுக் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருக்க, அவர் அதன்மேல் சாய்ந்தபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அது தொண்டை கிழியக் கத்துது. காதுல விழலையா?"

"ஏதோ யோசனையில இருந்துட்டேன்."

"யோசனையா?" என்றவள் அன்று முழுக்கப் போலீஸ்காரர் மாதிரி அவரைத் தோண்டித் துருவினாள். கடிகாரத்தைக் காதருகே வைத்தாள். பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டினாள். சாயங்காலத்துக்குள் விஷயம் தெரிந்துவிட்டது. "டாக்டர்கிட்ட போவோம்" என்றாள். அவர் போகவில்லை. காது போன ஆளுக்கு இந்த வேலையில் என்ன இடம்?

முதலில் பதிவுகளை அவர் கேட்டார், விட்ட தப்பை அவள் சொன்னாள். பிறகு அவள் கேட்டாள், அவர் திருத்தினார். கடைசியில் அவளே கேட்டு அவளே திருத்தினாள். அவர் "முடிச்சிட்டேன்க்கா" என்று பெரியக்காவுக்குச் செய்தி மட்டும் அனுப்பினார். அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாது.

"ஒரு வார்த்தை உங்க அக்காகிட்ட சொல்லக் கூடாதா?" என்று அவ்வப்போது கேட்பாள்.

"சொல்லலாம், சொல்லலாம். இந்தப் பாடம் முடியட்டும்."

பாடங்கள் முடிந்துகொண்டே இருந்தன. குழுவினர் திரையில் கூடும்போது, ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு அவர் முன்னால் டீ வைத்துவிட்டுப் போகும். அவளைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

இப்படியிருக்கையில்தான் அந்த அவசர வேலை வந்தது. பள்ளி திறப்பதற்குள் ஒரு வகுப்புக்கான அறிவியல் பாடம் முழுவதும் வேண்டும். ஊர் ஊராகக் கோப்பை அனுப்பி வாங்கிக்கொண்டிருந்தால் நடக்காது. பெரியக்கா தன் ஊரில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். எல்லோரும் அங்கே வந்து தங்கி, ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும் என்றார்.

பாம்புச்செவி சாக்குத் தேடினார். முழங்கால் வலி என்றார். வண்டி அனுப்புகிறேன் என்றார் பெரியக்கா. சொந்தத்தில் கல்யாணம் என்றார். கல்யாணத்தை முடித்துக்கொண்டே வரலாம் என்றார் பெரியக்கா. அதற்குமேல் சொல்லப் பொய் கைவசம் இல்லை.

"இப்பவாவது சொல்லிடுங்க" என்றாள் மனைவி, பையில் சட்டைகளை அடுக்கியபடி.

"நேர்ல போய் எப்படிச் சொல்றது? மானம் போயிடும்."

"அப்போ ஃபோன்ல அனுப்புங்க, கேட்டுச் சொல்றேன். ஆனா நான் ஒண்ணும் ராத்திரி பகல் திறந்திருக்கிற மருந்துக்கடை இல்ல. அதையும் தெரிஞ்சுக்கோங்க."

போய் இறங்கியதும் ஒரே ஆரவாரம். திரையில் பார்த்த முகங்களுக்கெல்லாம் உடம்பு முளைத்திருந்தது. கீச்சுக் குழந்தை முதல் கிழ விஞ்ஞானிவரை எல்லாக் குரலிலும் பேசுகிற குயில், அவர் தோள் உயரம்கூட இல்லை. மைக் தம்பியோ வாசற்படியில் குனிந்து நுழைகிற உயரம். அவர் பாம்புச்செவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி பாக்குற?"

"உங்க காதத்தான் அண்ணே. இதப் பாக்கணும்னே வந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். காதுமடல் சுட்டது.

ஜன்னல்களில் மெத்தையும் போர்வையும் அடித்து, ஒரு படுக்கையறையைப் பதிவு அறை ஆக்கியிருந்தார்கள். காலையில் குயில் வாசிப்பார். மதியம் பாம்புச்செவி சுத்தம் செய்வார். மாலையில் பள்ளிக்குப் போகும். அங்கே விடுதியில் இருக்கும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி, டீச்சர் கருத்துச் சொல்லுவார். இதுதான் ஏற்பாடு.

பதிவு அறையை ஒட்டியே கழிப்பறை இருந்தது. அது அவருக்குப் பெரிய அனுகூலம். கொஞ்சம் கேட்பதுபோல் பாவனை செய்வார். கோப்பைத் தன் ஃபோனுக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வார். மனைவிக்கு அனுப்பிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பார். "பூமி சுத்துதுன்னு சொல்ற இடத்துல எச்சில் முழுங்குறாங்க, வெட்டுங்க" என்று பதில் வரும். வெளியே வந்து வெட்டுவார். மறுபடி உள்ளே போவார்.

இரண்டாம் நாளே பெரியக்கா அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, கூச்சப்படாம சொல்லுங்க. வயிறு சரியில்லையா?"

"ஆமாக்கா, கொஞ்சம் கோளாறு" என்றார், வேறு வழியில்லாமல்.

அதிலிருந்து அவருக்குப் பாலும் எண்ணெயும் நின்றன. உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் வேளாவேளைக்கு வந்தது. குயில் ஏதோ மாத்திரையைக் கொடுத்து, எதிரிலேயே நின்று விழுங்க வைத்தார். நல்ல வயிற்றுக்கு அந்த மாத்திரை என்ன செய்யுமோ அதைச் செய்தது. "இதுக்குப் பேருதான் கூலி" என்று மனைவி ஃபோனில் சிரித்தாள். ஓயாமல் அனுப்பியதில் ஃபோன் அடிக்கடி செத்துப்போனது. வரும் வழியில் கடையில் வாங்கிய சார்ஜரைப் பதிவு அறையிலேயே, போர்வைக்குப் பின்னால் இருந்த பிளக்கில் மாட்டி வைத்தார்.

அடுத்த நாள் மனைவியின் அக்காவுக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை. "இன்னிக்கு என்னை எதிர்பாக்காதீங்க, ஃபோனை அணைச்சிடுவேன்" என்று முன்பே சொல்லியிருந்தாள். அன்று இருந்தது தண்ணீரைப் பற்றிய ஒரு பாடம்தான். ஒருநாள் தானே சமாளித்துவிடலாம் என்று நினைத்தார்.

பதிவின் நடுவில் மைக் தம்பி ஹெட்போனைக் கழற்றினார். "அண்ணே, சன்னமா ஏதோ ஊசி குத்துற மாதிரி ஒரு சத்தம் வருதோ?"

பாம்புச்செவி ஹெட்போனை வாங்கி மாட்டி, நெற்றியைச் சுருக்கிக் கேட்டார். அவருக்கு வெறும் அமைதிதான் கேட்டது.

"எனக்குக் கேக்காதது உனக்குக் கேக்குதா? உன் காதுல வண்டு பூந்திருக்கு தம்பி, போய் எண்ணெய் விடு."

குயில் விழுந்து விழுந்து சிரித்தார். மைக் தம்பியும் காதைக் குடைந்துகொண்டே சிரித்தார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பதிவைத் தொடர்ந்தார். பாடம் மாலையில் பள்ளிக்குப் போனது.

மறுநாள் காலை டீச்சர் பேசினார். பெரியக்கா ஃபோனை எல்லோரும் கேட்கும்படி வைத்தார். "பிள்ளைங்க காதைப் பொத்திக்குதுங்க. ரெண்டு பேர் தலை வலிக்குதுன்னு எழுந்து போயிட்டாங்க. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் கீ...ன்னு ஒரு சத்தம். இப்படி எப்பவும் அனுப்ப மாட்டீங்களே?"

பெரியக்கா அந்தப் பதிவை ஓட்டினார். குயில் முகத்தைச் சுளித்தார். பாம்புச்செவியும் பார்த்து அதேபோல் சுளித்தார்.

"இது எப்படி உங்க காதத் தாண்டிப் போச்சு தம்பி?" என்று பெரியக்கா கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நம்ப முடியாமல்தான் கேட்டார்.

அந்த ஒரு நொடியில் அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைக்கு அவரே பிறகு காரணம் தேடிப் பார்த்திருக்கிறார், கிடைக்கவில்லை. "நான் முடிச்சப்போ சுத்தமா இருந்துச்சுக்கா. அனுப்புறதுக்கு முன்னாடி தம்பி ஏதோ சேர்த்து ஒட்டினாரு, அதுல வந்திருக்கணும்" என்றார்.

மைக் தம்பி அவரைப் பார்த்தார். மறுத்துப் பேசுவார் என்று பாம்புச்செவி காத்திருந்தார். அவரோ தலையைக் குனிந்துகொண்டு, "இருக்கலாம்க்கா. நேத்துலேர்ந்து எனக்கே என் காது மேல சந்தேகமா இருக்கு" என்றார்.

பெரியக்கா யாரையும் திட்டவில்லை. "சரி, முதல்ல அது எங்கேர்ந்து வருதுன்னு பாப்போம்" என்று எல்லோரையும் பதிவு அறைக்குள் கூட்டிப்போனார். கதவைச் சாத்தினார். யாரும் பேசக் கூடாது, ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்போம், சத்தம் நின்றால் கையைத் தூக்குங்கள் என்றார். பாம்புச்செவி அறை நடுவில் நின்று, தலையை ஒருபக்கம் சாய்த்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பழைய ஒலிப்பதிவுக் கூடத்தில் அப்படித்தான் நிற்பார். நிற்பதற்கு இன்னும் தெரிந்திருந்தது.

விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது. பிறகு எதுவுமே நடக்காததுபோல் கொஞ்ச நேரம் போனது. எல்லோரும் தன் தீர்ப்புக்குத்தான் காத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

"இன்னும் இருக்கு" என்றார் கண்ணைத் திறக்காமல். "இப்போ கொஞ்சம் கூடினாப்புலகூட இருக்கு."

கண்ணைத் திறந்தார். கதவிடுக்கு வெளிச்சத்தில் பெரியக்காவும் குயிலும் தூக்கிய கையை இறக்காமல் நின்றார்கள். போர்வைக்குப் பக்கத்தில் மைக் தம்பி நின்றிருந்தார். அவர் கையில் பிடுங்கிய சார்ஜர், வாலைப் பிடித்துத் தூக்கிய எலி மாதிரித் தொங்கியது.

"தம்பி, சத்தம் அப்பவே நின்னுபோச்சே" என்றார் பெரியக்கா மெதுவாக.

உடம்பிலுள்ள ரத்தமெல்லாம் முகத்துக்கு ஏறியது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று நின்றார். மைக் தம்பி சார்ஜரை மேசைமேல் வைத்தார். அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

"எனக்குக் கேக்காது" என்றார் பாம்புச்செவி. "ரொம்ப நாளாவே இந்த மாதிரிச் சத்தம் எதுவும் கேக்காது. தம்பி மேல தப்பில்ல."

குயில் வாயில் கையை வைத்துக்கொண்டார். "கேக்காமலா இத்தனை பாடத்தையும் பண்ணீங்க? திரையில ஓடுற சத்தத்தோட கோட்டைக் கண்ணால பாத்தேவா? அட கடவுளே, எவ்வளவு பெரிய விஷயம்!"

மறுக்க வேண்டிய இடம் அதுதான். வாயைத் திறந்தார். பெரியக்காவின் கண் கலங்கியிருந்தது. "தனியாவா இதச் சுமந்துட்டு இருந்தீங்க? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி" என்று அவர் தோளைத் தொட்டார். பாம்புச்செவி தலையை ஆட்டினார். ஆமாம் என்கிற ஆட்டலா, இல்லை என்கிற ஆட்டலா என்று யாராலும் சொல்ல முடியாத ஒரு ஆட்டல். மதியச் சாப்பாட்டில் குயில் தன் தட்டிலிருந்த நல்ல மீன் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தார். அவர் அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார். மைக் தம்பி எதிரில் உட்கார்ந்து, தலை நிமிராமல் சாப்பிட்டார்.

சாப்பிட்ட கையோடு மனைவியிடமிருந்து அழைப்பு வந்தது. தெருமுனைக்குப் போய்ப் பேசினார். அக்கா நன்றாக இருக்கிறாள் என்றாள். அவர் நடந்ததைச் சொன்னார். தம்பி மேல் பழி போட்டதையும் விடாமல் சொன்னார். அவளிடம் மட்டும் அவர் எதையும் மறைத்ததில்லை.

"அடப்பாவி" என்றாள். பிறகு, "அப்போ இவ்வளவு நாள் யாரு கேட்டுத் திருத்தினதுன்னு யாரும் கேக்கலையா?"

"கண்ணால பாத்தே பண்ணேன்னு அவங்களா நினைச்சுக்கிட்டாங்க."

"நீங்க?"

"தலைய ஆட்டினேன்."

"நான் இல்லாத ஆளு" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "சரி. அப்போ அந்தக் கண்ணாலேயே மிச்சத்தையும் பண்ணுங்க." வைத்துவிட்டாள். திரும்பத் திரும்ப அடித்தார். எடுக்கவில்லை.

மனசாட்சி உறுத்தித்தான் உள்ளே போய் உண்மையைச் சொன்னார் என்று எழுத ஆசைதான். ஆனால் உள்ளே மூன்று பாடம் குவிந்திருந்தது, கேட்கக் காது இல்லை. வேலை முடங்கிய பிறகுதான் அவருக்கு வாய் வந்தது. அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது. கூடத்தில் மூவரும் உட்கார்ந்திருக்க, நின்றுகொண்டே சொன்னார்.

"கண்ணால பாத்தெல்லாம் நான் பண்ணல. என் வீட்டுக்காரிதான் கேட்டா. அவதான் திருத்தினா. நான் முடிச்சிட்டேன்னு உங்களுக்குச் சொன்னது மட்டும்தான் என் வேலை. வயித்துக்கும் ஒண்ணும் இல்ல. உள்ள போய் அவளுக்குத்தான் ஃபோன் போட்டேன்."

"டீ கொண்டாந்து வைப்பாங்களே," என்றார் குயில், "கை மட்டும் தெரியுமே..."

"அவதான்."

குயில் தான் சற்று முன் சொன்ன பாராட்டுகளையெல்லாம் திரும்பப் பொறுக்குகிறவர் மாதிரித் தரையைப் பார்த்தார். பெரியக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்கவே மாட்டார் போலிருந்தது. கடைசியில், "அந்தம்மா நம்பரக் குடுங்க" என்று மட்டும் சொன்னார். தம்பி என்ற சொல் அதில் இல்லை.

பெரியக்காவின் அழைப்பை அவள் எடுத்தாள். பேச்சை எல்லோரும் கேட்டார்கள்.

"வர்றேங்க. பிள்ளைங்க படிக்கிற விஷயம், மாட்டேன்னு சொல்ல மாட்டேன். ஆனா பாடம் முடிஞ்சதும் யார் யார் பண்ணாங்கன்னு பேர் படிப்பீங்கல்ல? அதுல என் பேர் வரணும். இன்னாரோட மனைவின்னு இல்ல. என் பேர்."

"நிச்சயமாம்மா" என்றார் பெரியக்கா.

மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவர் பையை வாங்கக் கை நீட்டினார், முகம் பார்க்காமல் கொடுத்தாள். நேராகப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அரைமணிக்குள் குயிலுக்கும் அவளுக்கும் சண்டை வந்துவிட்டது.

"ஒவ்வொரு வரி முடிவுலயும் உதட்ட சப்புக் கொட்றீங்க. எத்தனை நாளா உங்க சப்புக்கொட்டல வெட்டி வெட்டி என் கையே தேஞ்சுபோச்சு!"

"நானா? நான் எங்கேங்க சப்புக் கொட்றேன்?" என்ற குயில், அந்த வரியின் முடிவிலேயே சப்புக் கொட்டினார். அந்த வீட்டில் நேற்றிலிருந்து முதல்முறையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் கூடத்துக் கதவோரம் நின்றிருந்தார். சேர்ந்து சிரிக்கும் உரிமை தனக்கு இருக்கிறதா என்று தெரியாமல், சிரிக்காமல் இருந்தார்.

பாடங்கள் சொன்ன கெடுவைக் கொஞ்சம் தாண்டி முடிந்தன. பள்ளி ஏற்றுக்கொண்டது. கிளம்புகிற அன்று, மைக் தம்பி வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் பாம்புச்செவி போய் எதிரில் குந்தினார்.

"தம்பி, உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"பரவாயில்ல, விடுங்க" என்றார் மைக் தம்பி. ஒரு வயரைச் சுருட்டி முடித்துவிட்டு, பிறகு சொன்னார். "பழி போட்டதக்கூட விட்டுடலாம் சார். எனக்கு அது கேட்டுச்சு. காதுல வண்டுன்னீங்க. அன்னிக்குப் பூரா நான் காதப் பொத்திப் பொத்தித் திறந்து பாத்துட்டு இருந்தேன். என் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, நமக்கும் போயிடுச்சு, பொழப்பு போச்சுன்னு வீட்டுக்குப் பேசக்கூடப் பயந்துட்டு இருந்தேன். கேக்காதவரு நீங்க. பயந்தது நானு."

சார் என்றது காதில் விழுந்தது. அது மட்டும் எந்தக் குறையும் இல்லாமல், தெளிவாக விழுந்தது.

"உன் காது நல்ல காது தம்பி" என்றார். சொன்ன பிறகு, அதைச் சொல்லத் தனக்கு என்ன தகுதி என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். மைக் தம்பி அடுத்த வயரை எடுத்தார்.

ஊர் திரும்பியதும் மனைவி சொல்லாமலே டாக்டரிடம் போனார். இரண்டு காதுக்கும் கருவி மாட்டினார்கள். எல்லாம் திரும்பி வரவில்லை, பாதி வந்தது. குழுவில் அவரை யாரும் போகச் சொல்லவில்லை. டீச்சரிடம் பேசுவது, யார் எப்போது எதை முடிக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பாயிற்று. திரையில் கூடும்போது மரியாதையாகத்தான் பேசுவார்கள். பாம்புச்செவி என்று ஒருவரும் கூப்பிடுவதில்லை. ஒருமுறை குயில் பழக்கதோஷத்தில் "பாம்பு..." என்று ஆரம்பித்துவிட்டுப் பாதியில் முழுங்கினார். அன்று அவர் கூட்டம் முடியும்வரை தன் முகம் தெரியாதபடி கேமராவை அணைத்து வைத்தார்.

அடுத்த முறை நேரில் கூடவேண்டி வந்தபோது, மனைவி மட்டும் போனாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தார். அங்கே எதிர்வீட்டுக்காரர் நின்றிருந்தார்.

"என்ன, அம்மா மட்டும் கிளம்பிட்டாங்க?"

"வேலைக்குப் போறா. சத்தம் சுத்தம் பண்ற வேலை."

"அது நீங்க பண்றதாச்சே?"

ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். எதிர்வீட்டுக்காரர் குடைந்து கேட்கிற ஆளில்லை.

"இல்லீங்க. அவ பண்ணதத்தான் நான் பண்ணேன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்."

எதிர்வீட்டுக்காரர் என்ன முகம் காட்டுவதென்று தெரியாமல் பஸ்ஸைப் பார்த்தார். மனைவி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி உறுமிக் கிளம்பும்போது வெளியே தலையை நீட்டி ஏதோ சொன்னாள். உறுமலில் எதுவும் புரியவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் தலையாட்டிவிடுவார். வண்டியோடு கூடவே நாலு எட்டு ஓடினார்.

"கேக்கல! எனக்குக் கேக்கல, திரும்பச் சொல்லு!"

அவள் கையைக் குவித்து, ஒவ்வொரு சொல்லாகக் கத்தினாள். அடுப்பை அணைத்தீர்களா என்றுதான் கேட்டிருக்கிறாள். அணைக்கவில்லை. அவர் வீட்டைப் பார்த்து ஓடினார்.